மடியில் மாத்திரை

“ஆருக்கடி கொண்டு போனனீ இந்தக் குளிசையை? காட்டுக்குள்ள ஒளிச்சிருக்கிறவங்களுக்கோ?”

தோட்டத்து மருந்தகத்தில், மருந்து கொடுக்கும் டிரஸர் தம்பிராஜா மேசையில் அடித்த அடியில் மருந்துச் சீசாக்கள் குலுங்கின. எதிரே ரப்பர்ப் பால்வெட்டுக்காரி பஞ்சாலை தலைகுனிந்து நின்றாள். நீர்க்கடுப்பு என்று சொல்லி அவரிடம் வாங்கிய மாத்திரைகள், ஒன்றுகூடக் குறையாமல், அவள் மடியிலேயே பிடிபட்டிருந்தன.

“வாங்கிட்டு லயத்துக்குப் போகலைங்கய்யா,” என்றான் காவல்காரன் முனியாண்டி. “உங்க வீட்டுக்குப் பின்னாடி, முள்வேலி ஓரமா பதுங்கிப் பதுங்கிப் போனா. கோலா பிலா போலீசுக்குச் சொல்லியாச்சு. லோரி வந்துகிட்டிருக்கு.”

மலாயாவில் அவசரகாலம், கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருக்கும் காட்டுக்கு ஒரு பிடி அரிசி போனாலே சிறை. மருந்து போனால்? கொடுத்த கை தம்பிராஜாவுடையது அல்லவா!

அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அடிக்கடி வந்தவள் இவள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? அவள் நோயைச் சொல்லி ஏசித்தான் அனுப்பினார், அதுவும் நாலு பேர் காதில் விழ: “இந்த ஊத்தை வருத்தம் லயத்துப் பெண்டுகளுக்குத்தான் வரும். நல்ல குடும்பத்துப் பொம்பிளையளுக்கு வராது!” ஊரடங்கு என்று ராவெல்லாம் கக்கூசுக்குக்கூட வெளியே விடாவிட்டால் யாருக்குத்தான் வராது? பெரிய டிரஸர், அதை மட்டும் யோசிக்கவில்லை.

“மாத்திரை எனக்குத்தான் சாமி.”

“உனக்கெண்டா ஏன் விழுங்கேல்லை?”

மருந்தகத்தை ஒட்டினாற்போல் இருந்த அவர் வீட்டு அடுப்படியிலிருந்து பார்லித் தண்ணீர் காயும் வாசனை வந்தது.

“கைப்புள்ளக்காரி லா நீ,” முனியாண்டியின் குரல் இளகிவிட்டது. “கொண்டு போனா எப்ப விடுவாங்கன்னே தெரியாது. யாருக்குன்னு சொல்லித் தொலையேன்!”

“சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேண்ணே.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வாசலில் லோரி வந்து நின்றது.

“கொண்டு போங்கோ இவளை!” என்று கையை வீசினார் தம்பிராஜா.

அடுப்படிக் கதவு திறந்தது. அவர் மனைவி திலகம், அடிவயிற்றைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்து பஞ்சாலையின் பக்கத்தில் நின்றாள்.

“அவளை விடச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுற அந்த ஊத்தை வருத்தம் எனக்குத்தான்.”