மச்சினன் ஏறவில்லை

“ஏறுதியா, இல்லியாலே?”

மூன்று மாதத்துக்குப் பிறகு ஜெயஷீலா தன் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

“நீங்க ஏறுங்கக்கா. நான் இங்கனயே நிக்கேன்” என்றான் பெர்ஜின்.

கிறிஸ்மஸ் லீவுக்குத் தூத்துக்குடி பொருட்காட்சியில் ரோலர் கோஸ்டர் வந்திருந்தது. பெரிய ஊர்களில் இருப்பது போலத் தலைகீழாக எல்லாம் போகாது. இரண்டு ஏற்றம், ஒரு வளைவு, அவ்வளவுதான். அதற்கே பாதி ஊர் டெல்லி அப்பளத்தைக் கடித்துக்கொண்டு வரிசையில் நின்றது.

புருஷனையும் தம்பியையும் ஒரே பெட்டியில் உட்கார வைத்துக் குலுக்கினால் மனஸ்தாபம் உதிர்ந்துவிடும் என்பது ஜெயஷீலாவின் திட்டம். அதற்காகத்தான் மகள் ஜெர்லினை விட்டு, “மாமா, நீங்க வந்தாத்தான் நான் போவேன்” என்று போன் போட வைத்தாள். எல்லோருக்கும் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. இப்போது வாசலில் வந்து நின்றுகொண்டு ஏற மாட்டேன் என்கிறான்.

அவள் புருஷன் செல்வின் சிரித்தான். “விடு ஷீலா. கம்பெனி கேட்டுல சேர் போட்டு உக்காந்திருக்கவனுக்கு இதெல்லாம் உசரம்தான்.”

செல்வின் சங்கு குளிப்பவன். திரேஸ்புரத்திலிருந்து படகில் போய் அறுபது அடி ஆழத்தில் இறங்குபவன். படகில் இருக்கும் கம்ப்ரசரிலிருந்து ஒரு பைப் வழியாகத்தான் அவனுக்கு மூச்சு போகும். அந்தப் பைப்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஒருவன் கண் இமைக்காமல் நிற்க வேண்டும். பைப் மடங்கினால் கீழே இருப்பவன் கதை முடிந்தது.

கயிறு கட்டி முங்கிய காலத்திலிருந்தே இந்த வேலையைப் பொண்டாட்டியின் கூடப்பிறந்தவனுக்குத்தான் கொடுப்பார்கள். அக்கா தாலி மேல் அவனுக்கு இருக்கிற அக்கறை கூலிக்கு வருபவனுக்கு இருக்காது என்று விவரமாகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

எட்டு வருஷம் பிடித்த பெர்ஜின், மூன்று மாதம் முன்பு ஒரு நாள் திடீரென்று “இனி நான் வரல” என்று நின்றுவிட்டான். உப்புக் கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டான். ஏன் என்று யார் கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை. இப்போது யாரோ ஒரு கூலியாள் பைப்பைப் பிடிக்கிறான். செல்வின் கரைக்கு வந்து சேரும் வரை ஜெயஷீலாவுக்குச் சோறு இறங்குவதில்லை.

செல்வினைக் கேட்டால் ஒரு காரணம் சொல்வான். “அன்னைக்குப் படகுல பைப்பை விட்டுட்டுத் தூங்கிட்டான். மேல வந்து நாலு வார்த்தை ஏசுனேன். அந்த ரோசம்.”

தூங்கியதும் இவன், கோபித்துக்கொண்டதும் இவனா? எட்டு வருஷம் தூங்காதவன் அன்றைக்கு மட்டும் ஏன் தூங்கினான்? எவ்வளவு யோசித்தும் ஜெயஷீலாவுக்குப் பிடிபடவில்லை.

“மாமா, பயமா?” என்றாள் ஜெர்லின்.

“ஆமா மக்கா.”

அவள் வாசலில் இருந்த போர்டை ஒட்டி நின்று உயரம் பார்த்தாள். நான்கடிக்குக் குறைந்தவர்கள் ஏறக்கூடாதாம். இவள் ஒரு விரற்கடை கூடுதலாகவே இருந்தாள். அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடிப் போய் முன் பெட்டியில் உட்கார்ந்தாள்.

ஜெயஷீலா ஏறவில்லை. வண்டி கிளம்பியதும் தம்பி பக்கம் திரும்பினாள்.

“உனக்கு என்னதாம்லே செய்யுது? வாடைக்காத்துல படகு விளிம்புல கைய விட்டு நடக்கவன், பச்சப்புள்ள ஏறுத வண்டியில ஏற மாட்டேங்க. ஏசிட்டாருன்னு பைப்பை விட்ட. நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னா எம்மூஞ்சில எப்படிலே முழிப்ப?”

பெர்ஜின் மேலே ஏறிக்கொண்டிருந்த வண்டியையே பார்த்தான். அதில் இருந்த இருவரையும் எண்ணிக்கொண்டே இருப்பவன் மாதிரி நின்றான்.

மைக்கில் ஒருவர் கத்தினார். “அடுத்த ரவுண்டு ஏறுறவங்க போர்டை முழுசாப் படிச்சிட்டு ஏறுங்க.”

“படிச்சுப் பாருக்கா” என்றான் பெர்ஜின்.

எரிச்சலோடு போய்ப் பார்த்தாள். மகள் அளந்து பார்த்தபோது, உயரம் போட்டிருந்த வரியோடு இவள் படிப்பதை நிறுத்தியிருந்தாள். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ‘கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள் ஏறக்கூடாது.’

அவள் இரண்டு தடவை படித்தாள். அப்போதும் புரியவில்லை.

“யாருக்குலே?”

“எனக்குத்தான், வலிப்பு. அன்னைக்கு நான் தூங்கலக்கா. கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. முழிச்சுப் பாக்கேன், பைப் என் கையில இல்ல. அத்தான் கீழ இருக்காங்க.”

ஜெயஷீலா போர்டை விட்டுவிட்டு அவன் அருகில் வந்தாள்.

“அப்புறம் ரெண்டு தடவ வந்துட்டு. டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு. ஆனா இனி வரவே வராதுன்னு சொல்ல முடியாதுன்னுட்டாரு.”

“எங்ககிட்டச் சொல்லித் தொலைச்சா என்னலே?”

“சொன்னா அத்தான், ‘ஒண்ணும் ஆவாது, வா மாப்ள’ன்னு கூப்பிடுவாங்க. நானும் போயிருவேங்க்கா.”

மூன்று மாதமாக இவனை என்னவெல்லாம் நினைத்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி நின்றது. கலைந்த தலையோடு மகளை இறக்கிவிட்ட செல்வின், வரும்போதே சிரித்தான்.

“என்ன மாப்ள, பயம் தெளிஞ்சுதா?”

ஜெயஷீலாதான் பதில் சொன்னாள்.

“தெளியவே வேண்டாம். அந்தப் பயத்தாலதான் எங்கழுத்துல இன்னும் தாலி கிடக்கு.”