யாருடைய கம்பம்?

ஊரெல்லையில் ஒரு மின்கம்பம் கம்பியே இல்லாமல் நின்றது. மலைப்பக்கத்து மின் நிறுவனமும் ஆற்றுப்பக்கத்து மின் நிறுவனமும் அது தங்களுடையது என்று ஆளுக்கொரு எண்ணை அதில் எழுதியிருந்தன. தீர்ப்பு வரும்வரை யாரும் லைன் இழுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டிருந்தது.

ஆறு வருடம் ஓடிவிட்டது. எப்போதாவது வந்து உட்காரும் மைனாவிடம், "எனக்காக ரெண்டு பேர் கோர்ட்டுக்குப் போயிருக்காங்க, தெரியுமா?" என்று கம்பம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்.

ஒருநாள் காலையில் மைனா அவசரமாகப் பறந்து வந்தது.

"அண்ணே, தீர்ப்பு வந்தாச்சு! மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ரெண்டு கம்பெனிக்கும் பிரிச்ச எல்லைதான் செல்லுமாம். நீங்க மலைப்பக்கத்துக்காரங்களுக்குத்தான்!"

கம்பத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். எதிராளியின் எண்ணைச் சுரண்டி அழித்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"லைன் எப்ப சார் இழுக்கறோம்?" என்றார் இளையவர்.

"இங்க யாருய்யா குடியிருக்கா, லைன் இழுக்க? அவங்களுக்குப் போயிடக் கூடாது, அவ்வளவுதான்."

ஜீப் போய்விட்டது. மைனாவும் கிளம்பச் சிறகை விரித்தது.

"அவசரமா?" என்றது கம்பம். "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன்."

அது யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

"குஞ்சுங்க பசியோட இருக்கும்ணே" என்று சொன்ன மைனா, சிறகை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது.