பல் செட்டு

மேடைச் சிங்கம் தணிகாசலம் படுக்கையிலேயே செத்துக் கிடந்ததை முதலில் பார்த்தவள் அவர் மனைவி செங்கமலம். அவள் கத்தவில்லை. டம்ளர் தண்ணீரில் கிடந்த அவருடைய பல் செட்டை எடுத்துத் தன் பொக்கை வாயில் மாட்டிக்கொண்டாள். அவளும் ஒரு செட்டு கேட்டவள்தான். "கஞ்சி குடிக்கிறவளுக்குப் பல்லு எதுக்குடி? நீ என்ன மேடையா ஏறப்போற?" என்று சொல்லிவிட்டார். அடுப்படிக்குப் போய், காலமெல்லாம் அவருக்கென்றே சுட்ட முறுக்கில் ஒன்றைக் கடித்து, ஈறு கிழிய மென்று விழுங்கினாள். அப்புறம்தான் மகனை எழுப்பினாள். செட்டைக் கழற்றுவதற்குள் மாலைகளோடு கட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

சிங்கத்தின் கன்னம் குழிந்து கிடந்தது. மகன் திருமாறன் கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடினான். "டிவிக்காரன் வர்றான், கர்ஜிச்ச வாய் இப்படியா இருக்கிறது? அம்மா, அப்பா பல்லைப் பார்த்தியா?" செங்கமலம் உதட்டை இறுக்கியபடி இல்லையென்று தலையாட்டினாள். அவள் கன்னம் திடீரென்று நிரம்பியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவள் முகத்தை யார் எப்போது பார்த்தார்கள்?

"வாயே திறக்கலையே! துக்கத்தை அப்படியே முழுங்குறா பாருடி" என்று பெண்கள் வியந்தார்கள்.

கடைசியாக வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். அவருடைய காலி வாயில் அரிசியைப் போட்டாள். உள்ளங்கையில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

நறுக்கென்று சத்தம் கேட்டது. திருமாறன் நிமிர்ந்து பார்த்தான். அவள் மென்றுகொண்டிருந்தாள்.