குருவிக்கு என்ன அர்த்தம்?

“குருவியா? சும்மா, குழந்தை விளையாடத்தான்,” என்றாள் வழிகாட்டிப் பெண்.

பின்வரிசையில் நின்றிருந்த காப்பாட்சியருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஓவியக்கூடத்தில் அவருக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். படத்தின் மூலையில் ஒரு எறும்பு ஊர்ந்தாலும் அதற்கு அர்த்தம் சொல்லாமல் விடமாட்டார். புது வழிகாட்டிப் பெண்ணுக்கு வேலை நிரந்தரமா, இல்லையா என்று இன்று முடிவு செய்யவேண்டியவரும் அவர்தான்.

ஐந்நூறு வருஷத்துப் பழைய படம். மாதாவின் மடியில் குழந்தை இயேசு. பிஞ்சுக் கையில் ஒரு குட்டிக் குருவி.

“அது ஏன் முகம் மட்டும் சிவப்பு?” கூட்டத்தில் ஒருவர் விடவில்லை.

“அழகுக்குத்தான் சார். வாங்க, அடுத்த படத்துக்குப் போவோம்.”

பூதக்கண்ணாடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைத் தூண் மறைவுக்கு அழைத்துப் பல்லைக் கடித்தார்.

“அழகுக்கா? சிலுவையில சிந்தின ரத்தம்மா அந்தச் சிவப்பு! இந்தக் குழந்தை சாகப்போகுதுன்னு ஓவியர் குருவியை வச்சுச் சொல்றார். அது தெரிஞ்சுதான் அந்தத் தாய் முகம் அப்படி வாடியிருக்கு. இதுகூடத் தெரியாதா?”

“தெரியும் சார்... கொஞ்சம் மெதுவா.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லலை? வாய்க்குப் பூட்டா போட்டிருந்துது?”

“அடுத்த கூட்டத்துக்குச் சொல்லிடறேன் சார்.”

“அதுக்கு வேற ஆள் வரும். நீ கிளம்பலாம்.”

அவள் படத்தின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

விருட்டென்று திரும்பிய பூதக்கண்ணாடியை ஒரு பெண் வழிமறித்தாள். அவள் இடுப்பில் முகக்கவசம் போட்ட சின்னப் பெண் குழந்தை. கம்பளித் தொப்பி நழுவிய தலையில் ஒரு முடிகூட இல்லை. மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை.

இவ்வளவு நேரமும் முதல் வரிசையில் நின்றவர்கள்தான். அவர் படத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, அந்தக் குருவிக்கு ஏதோ கெட்ட அர்த்தம்னு எங்கேயோ கேட்டிருக்கேன். உங்க வழிகாட்டிப் பொண்ணு இல்லைங்கறாங்க. எது நிஜம்?”

பூதக்கண்ணாடி தூணோரம் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்தக் குருவியைப் பத்திப் புத்தகமே எழுதினவன்மா நான். எங்க பொண்ணு சொன்னதுதான் நிஜம். பாப்பாவுக்கு முடி வளர்ந்ததும் மறுபடி கூட்டிட்டு வாங்க. சுத்திக் காட்ட இந்த அக்கா இங்கேயேதான் இருப்பா.”