லேசாப் பிடிங்க, டாக்டர்

"இன்னிக்கும் விழுந்துச்சுன்னா சம்மதம் கிடையாது, டாக்டர். அப்புறம் கெஞ்சக் கூடாது."

"கெஞ்ச மாட்டேன். அழுதா பரவாயில்லையா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விமானத்தின் பேட்டரி மூடியைச் சாத்தினாள். லிப்ட் பழுது பார்க்கும் நிறுவனத்தில் அவள் இன்ஜினியர். ஞாயிறு காலைகளில் இந்த மைதானத்தில் ரிமோட் விமானம் பறக்கவிடுவது அவளுடைய பொழுதுபோக்கு. எதிரே நின்றவர் பல் டாக்டர். அவர் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, இந்தக் குட்டி விமானத்தைக் கையில் கொடுத்து ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். மேலே ஏற்றி, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, உடையாமல் தரையிறக்க வேண்டும். மூன்று ஞாயிறு அவகாசம்.

முதல் ஞாயிறு அது மரத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டாம் ஞாயிறு தலைகுப்புற விழுந்து மூக்கு இரண்டாகப் பிளந்தது. இன்று கடைசி.

"மூக்கை எதால ஒட்டினீங்க?"

"பல் அடைக்கிற பசைதான். நீல விளக்கைக் காட்டினா கல்லு மாதிரி இறுகிடும். ஆயுசுக்கும் சொத்தை வராது."

மைதானத்தைச் சுற்றி வேகநடை போட்டுக்கொண்டிருந்த ஒரு தொப்பைக்காரர் இவர்களைக் கடந்தார். மூன்று வாரமாக இந்தக் கூத்தைப் பார்த்து வருபவர்.

"என்ன டாக்டர், இன்னிக்கு எந்த மரத்துல பார்க்கிங்?"

"நீங்க முதல்ல நடையைக் கட்டுங்க சார். தொப்பை அப்படியேதான் இருக்கு."

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரிமோட்டில் இருந்த எழுத்துகளை உற்றுப் பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க, இன்ஜினியர். கல்யாணத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டு வாரமா இந்த ரிமோட் குச்சியை எப்படிப் பிடிச்சீங்க தெரியுமா? குறடால பல்லைப் பிடிச்ச மாதிரி. இது தடுமாறினா நாம கையை எடுத்துடணும். தானா நிமிர்ந்துக்கும். பயந்து போய் இழுத்துப் பிடிச்சாத்தான் விழும்." அவள் குரல் தணிந்தது. "எங்க வீட்டுல எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்ச ஒருத்தர் இருந்தாரு. அதுவே போதும். இன்னொருத்தரை உள்ள விட மாட்டேன்."

டாக்டர் தலையாட்டிவிட்டு, ரிமோட்டை லேசாகப் பிடித்துப் பார்த்தார்.

அவள் காற்றுக்கு எதிராக நின்று விமானத்தை வீசினாள். மோட்டார் வண்டாக ரீங்கரித்தது. புல்லைத் தொட்டுவிடும்போல ஒரு கணம் தாழ்ந்து, பிறகு மேலே ஏறியது.

"லேசாப் பிடிங்க. இப்ப இடது பக்கம் திருப்புங்க. போதும், போதும்."

மைதானத்தின் கோடியில் அது அழகாகத் திரும்பியது. மரத்தைத் தாண்டியது. டாக்டர் மூச்சு விட்ட அதே நேரத்தில் எங்கிருந்தோ ஒரு காற்று வந்து விமானத்தைச் சாய்த்தது. ஓர் இறக்கை தரையைப் பார்த்தது. டாக்டரின் கட்டைவிரல் இறுகியது. விமானம் இன்னும் சாய்ந்தது.

"ரிமோட்டை இங்க கொடுங்க!" அவள் கையை நீட்டினாள்.

"வேணாம்."

டாக்டர் இரண்டு கட்டைவிரல்களையும் குச்சிகளை விட்டு எடுத்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவதை அவர் எண்ணி முடிப்பதற்குள் விமானம் மெல்ல உருண்டு நிமிர்ந்தது.

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"சுத்தியாச்சு. இப்ப நம்மளைப் பார்த்து வருது, டாக்டர். போன வாரம் இங்கதான் கோட்டை விட்டீங்க. நீங்க இடதுன்னு நினைக்கிறது அதுக்கு..."

"வலது. தெரியும். ராத்திரி யோசிச்சேன்." அவர் பார்வை வானத்தை விட்டு அகலவில்லை. "எதிர்ல வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிற பேஷண்ட் இது. அவங்க வலது பக்கப் பல்லு, என் இடது கைப் பக்கம்தானே இருக்கும்? தினமும் செய்யற வேலை. இங்க வந்தா மறந்துடறேன்."

அவள் ஓரடி பின்னால் தள்ளி நின்றாள். அவர் வேகத்தைக் குறைத்தார். இப்படியும் அப்படியும் ஆடிய இறக்கைகளைச் சரிசெய்தார். தரைக்கு ஓரடி உயரத்தில் மூக்கை மட்டும் கொஞ்சம் தூக்கினார். விமானத்தின் வயிறு புல்லில் உரசிக்கொண்டே வந்து, அவர் காலுக்குப் பத்தடி தள்ளி நின்றது.

"பாருங்கய்யா, இறக்கிட்டாரு!" தொப்பைக்காரர் நடையை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்.

டாக்டர் ஓடிப் போய் விமானத்தை எடுத்தார். மூக்கு, இறக்கை, வால் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. கைக்குழந்தையைப்போல அதை ஏந்திக்கொண்டு வந்தவரின் கண்கள் கலங்கியிருந்தன.

"அப்ப..."

"ஒரு நிமிஷம். முதல்ல அம்மாகிட்ட சொல்லணும்." அவள் கைப்பேசியை எடுத்தாள். அவளுடைய கண்களும் நனைந்திருந்தன. "அம்மா, மாப்பிள்ளை பாஸ்."

அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

"என்னம்மா, வெட்கமா? அது போதும், தலையை வாரிக்கிட்டு ரெடியா இரு," என்றாள் அவள். "உன்னைக் கட்டிக்கப் போறவரைக் கூட்டிக்கிட்டு வரேன்."