தொட்டியில் ஊறும் பல்

தண்ணீர் மாற்றவே வேண்டாம், அழுக்கைச் செடி குடித்துவிடும், மிச்சத்தை நத்தை தின்றுவிடும் என்று சொல்லித்தான் கடைக்காரர் அந்த மீன்தொட்டியை என் தலையில் கட்டினார். இரண்டு வருடமாகியும் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் அதில் கை விடுகிறேன். மதியம் தூங்குமுன் பல்செட்டைக் கழற்றி உள்ளே போடுவேன். நத்தைகள் கடைவாய்வரை நக்கி வைக்கும். எழுந்ததும் அப்படியே மாட்டிக்கொள்வேன். வாயில் லேசாகப் பாசி மணக்கும், அவ்வளவுதான். என் மனைவி வேதவல்லி இதைப் பார்த்த அன்றே எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்.

“நத்தை எச்சில் வாயோட எம் பக்கத்துல உக்காராதீங்க.”

“நத்தை உன்னை மாதிரி அரைகுறையா தேய்க்காதுடி” என்றேன்.

நாற்பது நாள் தனியாகத்தான் சாப்பிட்டேன். நேற்று மதியம் எழுந்து போனால், தொட்டியில் என் பல்லை ஒட்டிச் சின்னதாக இன்னொரு செட் கிடக்கிறது. ஒரே நத்தை இரண்டின்மேலும் மாறி மாறி ஊர்கிறது. எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். இன்னொருவர் பல் ஊறிய தண்ணீரில் கிடந்ததை மனிதன் எப்படி வாயில் வைப்பான்? சமையலறையிலிருந்து பொக்கைக் குரல் வந்தது.

“ஏங்க, காபி ரெண்டு பேருக்கும் ஒண்ணா ஆத்திட்டேன். வரும்போது என்னோடதையும் எடுத்துட்டு வாங்க. கழுவிடாதீங்க.”