போத்தலுக்குள் வந்த கல்

சிறுநீரகத்தில் இருந்த கல்லை எடுத்துவிட்டுக் கொழும்பிலிருந்து வந்திறங்கிய அபூசாலியை அவன் பெண்சாதி பளீலா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"கீறலும் இல்ல, தையலும் இல்ல. மெய்யாவே ஆஸ்பத்திரிக்குத்தான் போனீங்களா?"

"இப்பெல்லாம் வெட்டுறல்ல புள்ள. ஒண்டுக்குப் போற வழியால மிஷின் குழாய விட்டு உறிஞ்சி எடுக்கிற."

"அப்ப கல்லு எங்க?"

அபூசாலி சேட்டுப் பையிலிருந்து மருந்துப் போத்தலை எடுத்து நீட்டினான். உள்ளே புளியங்கொட்டைப் பருமனில் ஒரு கல்.

பளீலா போத்தலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு நோயாளியைப் பார்க்க வந்த மாம்புரி ஊர்ச் சனமெல்லாம் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் போனது. பக்கத்து வீட்டு ஷிம்லா போத்தலைக் குலுக்கி, "இத வச்சிக்கிட்டா இந்த மனுசன் சைக்கிள் மிதிச்ச?" என்று கண் கலங்கினாள்.

கடைசியாகப் பளீலாவின் அண்ணன் இஸ்ஹாக் நானா வந்தார். போன வருசம் அதே மிஷினில் கல்லெடுத்தவர். அவருடைய கல் இன்றைக்கும் அவர் வீட்டு அலுமாரிக் கண்ணாடிக்குள் இருக்கிறது. அவரைக் கண்டதும் அபூசாலிக்கு இடுப்பு மறுபடி வலித்தது.

இஸ்ஹாக் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல கல்லு" என்றார்.

பளீலா பூரித்துப்போய்த் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனாள். இஸ்ஹாக் கதிரையை இழுத்துப் போட்டு அபூசாலியின் காதோரம் குனிந்தார்.

"மச்சான், அந்த மிஷின் கல்லத் தூளாக்கித்தான் உறிஞ்சும். வீட்டுக்குக் கொண்டுவர ஒண்டும் மிஞ்சாது. கடக்கரையில பொறுக்கினா, ஒட்டியிருக்கிற சிப்பியயாவது சுரண்டிட்டுப் போத்தல்ல போடணும். நான் என்டத அரத்தால ராவித்தான் போட்டன்."